வாக்கி-டாக்கி வாங்கப் போய் 1885-க்குப் போன கதை

"மச்சி, நீதானே எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன். நல்ல வாக்கி-டாக்கி ஒண்ணு சொல்லு. அஞ்சு கிலோமீட்டர் எடுத்தா போதும்."

கல்லூரி நண்பன் ஒருவன் போனில் கேட்டது இவ்வளவுதான். நாங்கள் மூன்று குடும்பம், மூன்று வண்டி. ஒரு தார், ஒரு பழைய ஜிப்ஸி, என்னுடைய ஸ்கார்ப்பியோ. ஜவ்வாது மலை அடிவாரத்தில் அவனுடைய மாமனாருக்குக் கல்லும் ஓடையுமாகக் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. அங்கே வண்டியை ஏற்றி இறக்கிப் பழகலாம் என்று திட்டம். (காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கு 1882-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு வனச்சட்டம் இருக்கிறது.) அந்தப் பக்கம் பாதி இடத்தில் செல்போன் டவர் கிடையாது. முன்னால் போகிறவன் பள்ளத்தில் மாட்டினால் பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

நான் பி.இ. படித்தது எலெக்ட்ரானிக்ஸ், பிழைப்பது சாஃப்ட்வேரில். இருபது வருஷமாக ஒரு ஆன்டெனாவையும் தொட்டதில்லை. ஆனாலும் இது அரை மணி நேர வேலை, நாலு மாடலை ஒப்பிட்டு ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் கறுப்பாக ஒரு கைக்கருவியை எடுத்து வைத்தார். "அஞ்சு வாட் சார். பத்து கிலோமீட்டர் எடுக்கும்." லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு சார் கேக்கப்போறாங்க?" என்றார்.

யார் கேட்பார்கள்? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அரை மணி நேர வேலை மூன்று மாதம் ஆகிவிட்டது.

முதலில் அந்தப் பத்து கிலோமீட்டர். இந்தக் கருவிகள் பயன்படுத்தும் அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை. பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் தரையே மறைத்துவிடும். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. நின்றுகொண்டு வாய்க்கருகே பிடித்தால் உயரம் 1.5 மீட்டர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டால் வருவது 10 கிலோமீட்டர்! ஆக, விளம்பரம் பொய் இல்லை. நடுவில் மரம், பாறை, வீடு எதுவும் இல்லாமல், அலையில்லாத கடலின் மேல் இரண்டு பேர் நின்று பேசினால் அவ்வளவு தூரம்தான் உச்சவரம்பு. வாட்டைக் கூட்டினால் தூரமும் அதே விகிதத்தில் கூடும் என்பது இன்னொரு மயக்கம். தரைக்கு அருகில் சமவெளியில் அரை வாட்டை ஐந்து வாட்டாக்கினால், பத்து மடங்கு சக்திக்கு, தூரம் இரண்டு மடங்குகூட ஆகாது. நடுவில் ஒரு பாறை முகடு இருந்துவிட்டால் வாட் எதுவும் பெரிதாகச் செல்லாது.

அடுத்து லைசென்ஸ்.

இந்தியத் தந்திச் சட்டம் 1885-இல் வந்தது. மார்க்கோனி கம்பியில்லாமல் சமிக்ஞை அனுப்புவதற்குப் பத்து வருஷம் முன்னால். தந்தியை நிறுவவும் நடத்தவும் அரசாங்கத்துக்கு மட்டுமே தனியுரிமை, மற்றவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தால் உண்டு என்பதுதான் அதன் சாரம். மரக்கம்பத்தையும் கம்பியையும் மனதில் வைத்து எழுதியது. பின்னால் வானொலி அலையும் அந்தத் 'தந்தி' என்ற சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதாவது என் நண்பன் ஜிப்ஸியிலிருந்து "டேய், லெஃப்ட்ல பள்ளம்" என்று சொல்வதும் சட்டத்தின் கண்ணில் தந்தி.

அது போதவில்லை. 1933-இல் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் வந்தது. இது இன்னும் ஒரு படி மேலே போய், கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்றது. கேட்பதற்கு மட்டுமான ரேடியோ பெட்டியும் இதில் அடக்கம். என் தாத்தா வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிவந்தது இந்தச் சட்டத்தால்தான். அந்தக் கட்டணம் 1980-களில் ஒழிந்தது. பேசும் கருவிக்கான கட்டுப்பாடு ஒழியவில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதுவும் நம்ம சென்னையில்? இங்கே வானொலி அரசாங்கத்துக்கு முன்பே வந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-இல் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அதே வருஷம் ஜூலை 31-இலிருந்து 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பியது. மூன்று வருஷத்தில் பணமில்லாமல் நின்றுபோய், கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. ஆர்வலர்கள் ஆரம்பித்ததை நகராட்சி எடுத்து நடத்திய ஊர் இது.

ஆனால் 1939-இல் போர் வந்ததும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, எழுத்தில் உத்தரவு போனது: டிரான்ஸ்மிட்டர்களைப் போலீஸில் ஒப்படையுங்கள். எதிரி உளவாளி பயன்படுத்திவிடுவான் என்று பயம். அந்தப் பயம் வேறு விதத்தில் பலித்தது. 1942-இல் பம்பாயில் நரிமன் பிரின்டர் என்ற ஹாம் செய்துகொடுத்த டிரான்ஸ்மிட்டரில்தான் உஷா மேத்தாவும் நண்பர்களும் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். வீடு மாற்றி வீடு மாற்றி ஒலிபரப்பி, நவம்பர் 12-ஆம் தேதி பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷம் சிறை.

இங்கே நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். தனியார் டிரான்ஸ்மிட்டரின் அருமையை அனுபவத்தில் அறிந்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? 1949-இல் சுதந்திர இந்தியா 1933 சட்டத்தைத் திருத்தியது. தளர்த்தவில்லை, இறுக்கியது. பழைய சட்டத்தில் அனுமதியில்லாத கருவிக்கு நூறு ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் இருநூற்றைம்பது. புதிதாகச் சேர்த்த 6(1ஏ) பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிவினை, காஷ்மீர், ஐதராபாத் எல்லாம் நடந்துகொண்டிருந்த காலம். அதை மறந்துவிட்டுக் குறை சொல்வதும் நியாயமில்லை.

அந்த 6(1ஏ) எனக்குப் பழக்கமான எண்ணாக இருந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசித்தேன். வானகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், பூந்தமல்லியில். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கு பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான் நடந்தது. 1998 ஜனவரி 28-இல் 26 பேருக்குத் தீர்ப்பு. சதித்திட்டக்காரர்கள் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தோடு வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது வழக்கின் முக்கியமான பகுதி. குற்றச்சாட்டுப் பட்டியலில் கொலை, வெடிபொருள் எல்லாவற்றோடும் 1933 சட்டத்தின் 6(1ஏ) பிரிவும் இருந்தது. கொல்லப்பட்டவர் லைசென்ஸ் பெற்ற ஹாம். அவருடைய அழைப்புக்குறி வி.யூ.2.ஆர்.ஜி.

ஆக, கடைக்காரர் "யாரு சார் கேக்கப்போறாங்க" என்று கையில் கொடுத்த கருவிக்கும் அந்த வழக்கில் வாசித்த பிரிவுக்கும் இடையே சட்டத்தின் பார்வையில் தூரம் அதிகம் இல்லை. மலையடிவாரத்தில், மாநில எல்லைக்கு அருகில், மூன்று வண்டியில் ஆளுக்கொரு வயர்லெஸ்ஸோடு போகிறவர்களை ஒரு சோதனைச் சாவடியில் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் கருவியோடு வந்த வெளிநாட்டு மலையேறிகள் நம் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்ட செய்திகள் இப்போதும் வருகின்றன. அவர்கள் ஊரில் அது முதலுதவிப் பெட்டி மாதிரி.

மற்ற ஊர்களில் கதை வேறு. அமெரிக்காவில் 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸில் சாதாரண மக்களுக்கென்று ஒரு பட்டையைத் திறந்துவிட்டார்கள். அதுதான் சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமாக சி.பி. 1973 எண்ணெய் நெருக்கடியில் வேகவரம்பை 55 மைலாகக் குறைத்ததும், எந்த வளைவில் போலீஸ் நிற்கிறது, எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது என்று லாரிக்காரர்கள் பேச ஆரம்பித்து நாடே அதைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியா 1977-இல் 477 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை திறந்தது. இன்றைக்கு அங்கே பாலைவனத்துக்குள் ஜீப் ஓட்டுகிறவனுக்கு எந்த ரேடியோ என்ற கேள்வியே கிடையாது. எதிரே வரும் லாரியும் முன்னால் போகும் காரவனும் அதே பட்டையில்தான். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் இப்படி அந்தந்த ஊருக்கென்று செய்த கருவிகளை. அமெரிக்க ஜீப்காரர்கள் இப்போது சி.பி.யை விட்டுவிட்டு 462, 467 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கருவி இங்கே வந்தால், இங்கே அந்த அலைவரிசை வேறு யாருக்கோ ஒதுக்கியது.

சரி, இந்தியாவில் கதவு திறக்கவே இல்லையா? இரண்டு தடவை திறந்தது, சத்தமில்லாமல். 2005-இல் சி.பி. பட்டையை (26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ், 5 வாட் வரை) லைசென்ஸிலிருந்து விலக்கினார்கள். அமெரிக்காவில் அந்த மோகம் அடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு. அதன் அலைநீளம் 11 மீட்டர், சரியான கால்-அலை ஆன்டெனா என்றால் 2.7 மீட்டர் கம்பி வண்டியின் மேல் ஆட வேண்டும். வளைவையும் மரத்தையும் ஓரளவு சமாளிக்கும் அலை, ஜீப்புக்கு நல்லதுதான். ஆனால் ரிச்சி தெருவில் நான் கேட்ட யாரிடமும் அந்தக் கருவி இல்லை. பேச ஆள் இல்லாததால் வாங்க ஆள் இல்லை, வாங்க ஆள் இல்லாததால் விற்க ஆள் இல்லை.

2018-இல் இரண்டாவது கதவு: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ், கைக்கருவிக்கு மட்டும், அரை வாட் வரை. ஐரோப்பாவில் 1998-இலிருந்து கடைகளில் விற்கும் அதே வகை. கருவிக்கு அரசின் வகைச் சான்று இருக்க வேண்டும், வாங்குகிறவருக்கு லைசென்ஸ் வேண்டாம். 1885, 1933 சட்டங்களின் இடத்துக்கு 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 2025 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கு வழிகாட்டு விதிகள் போட்டது. வாக்கி-டாக்கி விற்றால் எந்த அலைவரிசை, சான்று உண்டா என்று காட்ட வேண்டும். பெட்டியில் '446' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். பிரபலமான சீனக் கருவிகள் அந்த அலைவரிசையிலும் பேசும், ஆனால் நாலைந்து வாட்டில். அப்போது விலக்கு கிடையாது.

நண்பனிடம் சொன்னேன். "அரை வாட்டா? டார்ச் லைட்டு பல்பு அதவிட ஜாஸ்தி இழுக்கும்டா" என்றான்.

எனக்கும் அதே ஏமாற்றம்தான். அதை மாற்றியது டாங்கி. ஆவடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டாங்கி புதிதில்லை. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா வெளிவந்த ஊர். டிரெய்லரில் டாங்கி போவதை ரோட்டோரம் நின்று பார்த்துதான் வளர்ந்தோம். ரோடு இல்லாத இடத்தில் வரிசையாக வண்டி ஓட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுவது என்ற கேள்வியை முதலில் சந்தித்தவர்கள் டாங்கிக்காரர்கள்தானே என்று தோன்றியது. தேடிப் பார்த்தால், முதலில் கொடியசைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1931-இல் சார்லஸ் பிராட் என்ற பிரிகேடியர் சாலிஸ்பரி சமவெளியில் ரேடியோவிலேயே ஒரு டாங்கிப் படைப்பிரிவை நடத்திக் காட்டினார்.

பத்து வருஷம் கழித்து பை கம்பெனி வடிவமைத்த 'வயர்லெஸ் செட் நம்பர் 19' வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளின் ரேடியோ. அதில் ஒரே பெட்டிக்குள் மூன்று கருவி. 'ஏ' செட் 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை, ஓடும் வண்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு. மூன்றாவது, டாங்கிக்கு உள்ளே இருக்கும் ஆட்கள் தங்களுக்குள் பேச. நடுவில் 'பி' செட், 230 மெகாஹெர்ட்ஸ் பக்கம், தூரம் சுமார் ஒரு கிலோமீட்டர். வேண்டுமென்றேதான் ஒரு கிலோமீட்டர். பக்கத்தில் ஓடும் மூன்று நாலு டாங்கிகள் பேசுவது மற்ற படைக்கும் கேட்க வேண்டியதில்லை, எதிரிக்கும் கேட்கக் கூடாது. பக்கத்து வண்டிக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்த்தவன் புத்திசாலி. "அஞ்சு கிலோமீட்டர் எடுக்கணும்" என்ற என் நண்பனின் கேள்வியில் இரண்டும் குழம்பிக் கிடந்தன. எங்கள் வண்டிகளுக்குள் ஐந்து கிலோமீட்டர் இடைவெளி வந்தால் அது ரேடியோவின் தப்பில்லை, முன்னால் போகிறவனின் தப்பு.

அமெரிக்கப் படை நார்மண்டி கடற்கரையில் கையில் பிடித்து இறங்கிய மோட்டரோலா எஸ்.சி.ஆர்.-536-இன் சக்தியும் அரை வாட்டுக்குக் குறைவுதான், 360 மில்லிவாட். தரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் எடுத்தது.

சான்றுள்ள அரை வாட் கருவிகள் நாலு வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெரினாவில் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே நான், அண்ணா சமாதிப் பக்கம் அவன். மூன்று கிலோமீட்டர் இருக்கும், பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி கேட்டது. அதே கருவி வானகரத்தில் என் தெருவிலிருந்து பைபாஸ் பக்கம் போவதற்குள், அரைக் கிலோமீட்டரில், கரகரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினால் இன்னும் மோசம். வண்டி ஒரு இரும்புக் கூண்டு. கருவியை டாஷ்போர்டில் படுக்கப் போடாமல் ஜன்னலோரம் நிமிர்த்திப் பிடித்தாலே நல்ல வித்தியாசம் தெரிந்தது.

நிலத்தில் என்ன ஆனது? ஓடை ஒரு பாறையைச் சுற்றி வளைகிற இடத்தில் தார் மாட்டிக்கொண்டது. நான் கடைசி வண்டி, நானூறு மீட்டர்தான் பின்னால். எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நடுவில், மேட்டின் மேல் நின்ற ஜிப்ஸியிலிருந்து நண்பனின் மனைவிக்கு இரண்டு பக்கமும் கேட்டது. "அண்ணா, முன்னாடி வண்டி மாட்டிக்கிச்சு, கயிறு எடுத்துட்டு வாங்க, இடது பக்கமா வராதீங்க" என்று அவர் ஒவ்வொரு வாக்கியமாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கும் ரிப்பீட்டர் நிலையம் செய்வதும் இதைத்தான். அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் நடு வண்டிக்கு என்று ஒரு விதி: மேட்டில் நில், இரண்டு பக்கமும் கேட்காத இடத்தில் நிற்காதே. ஐந்து வாட் வாங்கியிருந்தாலும் அந்தப் பாறைக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

மிச்சமிருப்பது 'ஏ' செட்டின் வேலை. கயிறு போட்டுத் தூக்க முடியாத விபத்து என்றால், டவர் இல்லாத இடத்திலிருந்து வெளியுலகத்தை எப்படிக் கூப்பிடுவது? இதற்கு அரை வாட்டில் பதில் இல்லை. நம் நாட்டில் சாதாரண ஆளுக்குச் சட்டப்படி உள்ள வழி ஹாம் லைசென்ஸ். அது என்ன செய்யும் என்பதற்கு 2004-ஐ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தமானில் பதினேழு வருஷமாக ஹாம் ஒலிபரப்பே நடக்கவில்லை. பல வருஷ முயற்சிக்குப் பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனார். டிசம்பர் 3-இலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தார், பொழுதுபோக்காகத்தான். 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசிகள் போயின. அவருடைய அறையில் இருந்த செட் தீவுகளிலிருந்து செய்தி வாங்கிக் கரைக்கு அனுப்பும் நிலையமாக மாறியது. குழுவில் ஆட்கள் கார் நிகோபாருக்கும் போய் அங்கிருந்து பேசினார்கள். உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டுத் தவித்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வழியாகத்தான் பதில் கிடைத்தது. அனுமதிக் கடிதம் ஒரு மாதம் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூவம் பெருகி எங்கள் பக்கம் இரண்டு நாள் போன் இல்லாமல், ஆவடியில் இருந்த அம்மாவின் குரலுக்குக் காத்திருந்தபோது எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.

ஹாம் லைசென்ஸ் ஜீப் பயணத்துக்கான குறுக்குவழி இல்லை. பேசும் இரண்டு பக்கமும் லைசென்ஸ் வேண்டும், வியாபாரப் பேச்சு கூடாது. நண்பன் "எனக்கு வேணாம்டா, நீ எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டான். நான் விண்ணப்பித்திருக்கிறேன். பன்னிரண்டு வயதானவர் யாரும் எழுதலாம் என்பதால் மகளும் கூட உட்கார்ந்து படிக்கிறாள். தேர்வில் இரண்டு பகுதி: ஒன்று ரேடியோ தத்துவம், இன்னொன்று சட்டமும் விதிகளும். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். முதல் பகுதியை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாவது பகுதியில் நேற்று ராத்திரி அவள்தான் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.